அம்மா ஃபோல்டருக்குப் போட்ட பூட்டு

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் வேலை சொல்லித்தர வரவில்லை. வேலை உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த விண்டோஸில் எதை எங்கே தேடுவதென்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. சில நாள் கம்ப்யூட்டரை நிறுத்துகிற பட்டனையே தேட வேண்டியிருக்கிறது. நான் சொல்ல நினைப்பது வேறு. ஒரு வீட்டுக்குள் போய், அந்த வீட்டு ஆட்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருகிறீர்களே, அந்த நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நான் பதுளையில் தொழில் பழகத் தொடங்கியபோது தட்டச்சு இயந்திரங்களைத்தான் பழுது பார்த்தோம். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்களிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். தொண்ணூறுகளில் அதே ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நாங்களும் அதற்கு மாறிக்கொண்டோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கும் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரியச் சில வருஷம் பிடித்தது.

எனக்கு வேலை பழக்கியவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் எதையாவது தட்டத் தொடங்கினால் உடனே நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னல் இல்லாத அறையில் சுவரைப் பார்ப்பார். பாஸ்வேர்ட் என்று இல்லை, எதைத் தட்டினாலும் அப்படித்தான். ஒருமுறை நான் கேலியாக, “சுவத்துல என்னங்க படம் ஓடுது?” என்று கேட்டேன். “ஒண்ணும் ஓடல. அதனாலதான் பாக்குறேன்” என்றார். அதற்கு மேல் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்துப் பார்த்து எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

வீடுகளில் எங்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் இரண்டே விஷயம்தான். ஒன்று, எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடு. இல்லாவிட்டால், எல்லாவற்றையும் பூட்டிவிடு. பண்டாரவளையில் ஒரு புடவைக்கடை முதலாளி, வீட்டிலிருந்த கம்ப்யூட்டர்களை இணைத்த அன்று, சி டிரைவ் முழுவதையும் அப்படியே பகிர்ந்துவிடச் சொன்னார். வேண்டாம் என்றேன். “புள்ளைகளுக்கு மத்தியில பூட்டு என்னத்துக்கு? பூட்டு போட்டா அவங்க மனசுல நாம என்னமோ ஒளிக்கிறோம்னு வரும்” என்றார். மகன்களில் ஒருவர் இடம் போதவில்லையென்று விண்டோஸ் ஃபோல்டரை அழிக்கப் பார்த்த கதையைத் தனியாகச் சொல்லலாம். முதலாளிக்கு அப்போதும் கோபம் வரவில்லை. “அவன் நல்ல எண்ணத்துல செஞ்சது” என்றுதான் சொன்னார்.

பூட்டச் சொன்ன வீடு ஒன்று பதுளையில் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த ஐயா யாழ்ப்பாணத்தவர். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை மாற்றத்தில் பதுளைக்கு வந்து, இந்த ஊர்க் குளிர் ஒத்துப்போய், இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார். வீட்டின் முன்பகுதியில் அவரும் மனைவியும். பின்பகுதியில் அவருடைய தம்பி குடும்பம். தம்பி வங்கியில் வேலை. நடு ஹாலும் சாமி அறையும் பொது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். ஒரே பிரிண்டரை இரண்டு பேரும் பாவிக்க வேண்டுமென்று, கூரைக்கடியில் கேபிள் இழுத்து இரண்டையும் இணைத்துக் கொடுத்தது நான்தான். அதனால் அந்த வீட்டில் எனக்கு நல்ல பழக்கம். போனால் தேநீர் இல்லாமல் விடமாட்டார்கள்.

அவர்களுடைய தாயார் காலமாகிவிட்டார். பதுளை ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்து போனார். யாழ்ப்பாணத்தவர் வீடுகளில் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நினைவு மலர் என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, குடும்ப விபரம். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னின்னாரின் அன்புத் தாயாரும், இன்னின்னாரின் அன்பு மாமியாரும் என்று அது வரிசையாகப் போகும். எங்கள் மலையகத்து ஆட்களிடம் அந்த வழக்கம் அவ்வளவாக இல்லை. அவர்களுக்கு அது சின்ன விஷயமே இல்லை. அந்தப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் குடும்பம். அது அச்சாகி இருநூறு வீடுகளுக்குப் போய்விட்டால் பிறகு யாரும் மாற்ற முடியாது.

ஐயா கடைக்கு டெலிபோன் பண்ணினார். “தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போம். கொம்பியூட்டரில ஆரோ கை வைக்கினம்.”

போனேன். மலருக்கான எழுத்தும் படங்களும் அவருடைய கம்ப்யூட்டரில் ‘அம்மா’ என்று பெயர் வைத்த ஃபோல்டரில் இருந்தன. தம்பியும் படங்கள் சேர்க்க வேண்டுமென்பதால் அந்த ஃபோல்டரை அந்தப் பக்கத்துக்கும் பகிர்ந்திருந்தார்கள். அவர் ஃபைலைத் திறந்து திரையில் விரலை வைத்தார்.

“இதில ஒரு பேர் வந்து வந்து நிக்குது. நான் அழிக்கிறன். அடுத்த நாள் பாத்தா திரும்பவும் நிக்குது. மூண்டாந் தரமும் அழிச்சுப்போட்டன். இண்டைக்கும் நிக்குது.”

அன்புத் தாயாரும் என்ற வரியில், ஐயாவின் பெயருக்கும் தம்பியின் பெயருக்கும் பிறகு, புனிதவதி என்று இருந்தது. அன்பு மாமியாரும் என்ற வரியில், இரண்டு மருமகள்களின் பெயருக்குப் பிறகு, மாரிமுத்து என்று இருந்தது. அவர்களுக்கு ஒரு தங்கை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருஷமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன், ஒரு படத்தில்கூட அவரைப் பார்த்ததில்லை.

“அவ எங்களோட இல்லை” என்றார் ஐயா. “கொஸ்லந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போனவ, அங்கயே ஒரு தோட்டத்துப் பொடியனைக் கட்டிக்கொண்டு நிண்டிட்டா. அது எப்பவோ முடிஞ்ச கதை.” பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “குறை நினையாதையும் தம்பி. நான் உம்மைச் சொல்லேல்லை.”

“இல்லீங்க ஐயா” என்றேன். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. என் அப்பாவும் அம்மாவும் பசறைப் பக்கம் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தவர்கள். நானும் தோட்டத்துப் பொடியன்தான். ஆனால் அவர் கூப்பிட்டது என் மனதைக் கேட்க இல்லை, ஃபோல்டரைப் பூட்ட. நான் மவுஸைக் கையில் எடுத்தேன்.

“தம்பியாற்ற வேலைதான் இது” என்றார். “அவனுக்குச் சின்ன வயசில இருந்தே அவளில ஒரு பாசம். அந்தப் பக்கத்தில இருந்து இதைத் தொடேலாமப் பண்ணும். படங்களைப் பாக்கிறதெண்டாப் பாக்கட்டும். எழுதக் கூடாது.”

அதில் தவறு ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் அவருடையது, ஃபோல்டர் அவருடையது. தம்பி பக்கத்திலிருந்து பார்க்கலாம், மாற்ற முடியாது என்று செய்துகொடுத்தேன். பின்பகுதிக்குப் போய் அங்கிருந்து ஒரு படத்தை மாற்றிப் பார்த்தேன், முடியவில்லை. திரும்பி வந்து ஒரு விஷயத்தைக் கேட்டேன். “ஐயா, உங்க கம்ப்யூட்டருக்கே பாஸ்வேர்ட் இல்லீங்களே. ஒண்ணு போட்டுர்லாமா?”

“என்ர வீட்டுக்குள்ள நானிருக்கிற கதிரைக்கு என்னத்துக்குப் பாஸ்வேர்ட்? மனிசி என்ன நினைப்பா?”

சரி என்று வந்துவிட்டேன்.

அந்த வாரமே திரும்பவும் டெலிபோன் வந்தது. இந்த முறை அவர் குரல் உயர்ந்திருந்தது. பெயர்கள் இரண்டும் திரும்ப வந்துவிட்டன. நான் போட்ட பூட்டு சரியில்லை, தம்பி அதை உடைத்துவிட்டான், கேபிளையே கழற்றிவிடு என்றார். நான் போனபோது தம்பியும் ஹாலில் நின்றார், வங்கிக்குப் போகப் புறப்பட்ட உடுப்போடு.

“அண்ணை, நான் தொடேல்லை” என்றார் தம்பி.

“நீ இல்லாட்டி ஆர்? பேயோ?”

“நான் போட்டிருந்தா, நான்தான் போட்டனான் எண்டு உங்களுக்கு முன்னால சொல்லியிருப்பன். எனக்கு அந்தத் துணிவில்லை. அதாலதான் இத்தனை வருஷமா அவளுக்கு ஒரு கடிதங்கூடப் போடேல்லை.” அவர் என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தே சொன்னார். தம்பி வேலைக்குப் போய்விட்டார்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். பகிர்வு நான் விட்டுப்போனபடியே இருந்தது. கேபிள் வழியாக யாரும் அந்த ஃபைலைத் தொட்டிருக்க முடியாது. தொட்டவர் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் தொட்டிருக்க வேண்டும். ஃபைல் கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தேன். காலை நேரம். ஐயா தினமும் பேப்பர் வாங்கக் கடைக்குப் போகிற நேரம் அது. தம்பி அந்த நேரத்தில் வங்கியில் இருப்பார். தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டக்களப்புக்குப் போயிருந்தார்கள்.

அப்போது அம்மா, ஐயாவின் மனைவி, தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவரும் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சைத் தாள்களை இதே கம்ப்யூட்டரில்தான் தமிழில் தட்டுவார். ஐயா ஒரு விரலால் தேடித் தேடித் தட்டுகிறவர். அம்மா பார்க்காமலே தட்டுவார். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ஐயாவின் சந்தேகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிற பார்வை.

“உமக்கு ஆரெண்டு தெரிஞ்சிருக்கும்” என்றார் ஐயா. “உந்தக் கொம்பியூட்டர் சொல்லும்தானே. ஆர்?”

இந்த இடத்தில் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். கம்ப்யூட்டர் உள்ள வீட்டில், வீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லாதது எல்லாம் அதற்குள் இருக்கும். அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அந்த நேரத்தில் ஒரு சின்ன அதிகாரி மாதிரி நெஞ்சு நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது. சொன்னால் ஐயாவின் நம்பிக்கை கிடைக்கும். தம்பி மேல் விழுந்த வீண்பழியும் நீங்கும். ஆனால் ஒரு மனுஷியை அவருடைய வீட்டு ஹாலில் வைத்துக் காட்டிக்கொடுத்தவனாவேன். தெரியாது என்றால் பொய்யாகிவிடும். அதுவும் எனக்கு ஆகாது. இன்றைக்குப் பொய் சொல்கிறவனை நாளைக்கு எந்த வீட்டிலும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரவிட மாட்டார்கள்.

வேர்டில் ஃபைலின் விபரத்தைத் திறந்தேன். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் ஐயாவின் பெயர் இருந்தது. அதை அவருக்குக் காட்டினேன்.

“ஐயா பேர்லதாங்க சேவ் ஆகியிருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “நானே?”

“பாஸ்வேர்ட் இல்லாததால, இந்தக் கதிரையில யாரு உக்காந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது ஐயாதாங்க. தம்பி ஐயா பக்கத்துல இருந்து வரலைங்க. அது மட்டும் நிச்சயம். கேபிள்ல குத்தமில்லை.”

“என்ர கதிரையில ஆர் வந்து இருக்கிறது?” என்று அவர் கேட்டார். கேட்டபோது அவருக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்தாரோ என்னமோ. தெரிந்துகொள்ளாமலே இருக்க ஒரு வழி தேடினார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. என்னைப் போகச் சொன்னார். போகுமுன் நான் அனுமதிகளைப் பார்க்கிற அந்தப் பக்கத்தை எப்படித் திறந்தேன் என்று கேட்டார். சொந்தக்காரர் கேட்கிறார், காட்டினேன்.

மறுநாள் காலையில் வந்த டெலிபோனில் அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது. “தம்பி, ஃபோல்டர் திறக்குதில்லை. எனக்கே திறக்குதில்லை. இண்டைக்குப் பின்னேரம் பிரஸ்ஸுக்குக் குடுக்கோணும். படமெல்லாம் உதுக்குள்ளதான் கிடக்குது.”

என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. முதலில் இரண்டு பெயரையும் திரும்ப அழித்துவிட்டார். பிறகு நான் காட்டிய பக்கத்தைத் திறந்து, ‘எல்லாரும்’ என்று பொருள்படும் அந்தப் பெயருக்கு நேரே, மறுப்புக் கட்டம் ஒவ்வொன்றிலும் அடையாளம் போட்டிருக்கிறார். விண்டோஸ் அதற்கு மேல் ஒரு எச்சரிக்கையும் காட்டியிருக்கும். கோபத்தில் அதற்கும் ஆம் என்று சொல்லியிருக்கிறார். இந்தத் தவறை நீங்கள் எத்தனையோ இடத்தில் பார்ப்பீர்கள். மறுக்கிறவர் தன்னை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை, கம்ப்யூட்டர் சேர்த்துவிடும். மறுப்பு என்று ஒன்று இருந்தால் எத்தனை அனுமதி கொடுத்திருந்தாலும் மறுப்புதான் நிற்கும்.

“எனக்கு விளங்கேல்லை” என்றார். “மற்ற ஆக்களுக்குத்தானே பூட்டினனான்.”

“எல்லாரும்னா அதுக்குள்ள ஐயாவும் இருக்கீங்க.”

திறப்பது பெரிய வேலை இல்லை. ஃபோல்டரின் சொந்தக்காரர் அவர்தான், மறுப்பை எடுத்துவிட்டால் முடிந்தது. அதற்கு முன் நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. திறந்துவிட்டால் நேற்று இருந்தபடிதான் இருக்கும். இந்த நாற்காலியில் உட்காருகிற யாருக்கும் திறக்கும். அவருக்கு மட்டும் என்றால் அவருடைய கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் போட வேண்டும். வேறு வழி இல்லை. இதைச் சொன்னேன். எல்லாவற்றையும் பூட்டுவதென்றால் இந்த வீட்டுக்குள் யாரைப் பூட்டுகிறோம் என்பதையும் அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

“அப்ப பாஸ்வேர்டைப் போடும்” என்றார் ஐயா.

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“தம்பி, பாஸ்வேர்ட் போடுறதெண்டாப் போடுங்கோ. அதுக்கு முதல் அவருக்கு ஒண்டு சொல்லோணும்.” பிறகு ஐயாவைப் பார்த்து, “இஞ்சருங்கோ. அந்தப் பேரைப் போட்டது நான்தான். ஒவ்வொருக்காலும் நான்தான்” என்றார்.

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். “இருங்கோ” என்றார் அம்மா. “வெளி ஆள் ஒருத்தர் இருந்தாத்தான் இவர் கத்தமாட்டார்.”

ஐயா கத்தவில்லை. “ஏன்?” என்று மட்டும் கேட்டார்.

“மாமி ஆஸ்பத்திரியில கிடக்கேக்க பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு நீங்களும் தம்பியும் போவியள். பாத்திட்டு வருவியள். பகலெல்லாம் ஆர் பாத்தது எண்டு நினைச்சனீங்கள்? நானெண்டோ? எனக்கு முழங்கால் ஏலாது, அந்தப் படியில எத்தினை தரம் ஏறுவன்? புனிதம்தான் வந்தவள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிட்டு, கொஸ்லந்தயில இருந்து விடிய பஸ் எடுத்து வருவாள். மாமிக்கு மேல் கழுவி, தலை வாரி இழுத்து, உடுப்பு மாத்தி விடுவாள். நீங்கள் வாற நேரம் வெளியில போய் மர வாங்கில குந்தியிருப்பாள். நீங்கள் போனாப் பிறகு திரும்பி வருவாள்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“அவள்தான் சொல்ல வேண்டாமெண்டவள். அண்ணைக்குத் தெரிஞ்சா வரவிடமாட்டார், வந்து பாக்கிறதும் இல்லாமப் போகும் எண்டவள். அவர், அந்த மாரிமுத்து, அவரும் படிப்பிக்கிறவர்தானே, பாடசாலை விட்டு வந்து சாப்பாடு கொண்டுவாறவர். கடைசிக் கிழமை மாமி ஆரிட்டையும் வாங்கிச் சாப்பிடேல்லை. அவர் ஊட்டினா மட்டும் வாய் திறந்தவ.” அம்மாவின் குரல் அதுவரை நிதானமாகத்தான் இருந்தது, இங்கே உடைந்துவிட்டது. “அந்தக் கையால சாப்பிட்ட மனுசியின்ர புத்தகத்தில அந்தப் பேர் இல்லாட்டி, அது மாமியின்ர புத்தகமே இல்லை.”

எனக்கு ஐயா மேல் அன்றைக்கு வரை கோபம் இருந்தது. அந்த இடத்தில் அது எங்கே போனதென்று தெரியவில்லை. பெற்ற தாயின் வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருக்க, ஆளைக் கவனிக்காமலே அவளைக் கடந்து உள்ளே போய் வந்திருக்கிறார். அது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“திறவும்” என்றார்.

மறுப்பை எடுத்தேன். ஃபோல்டர் திறந்தது. ஃபைலைத் திறந்து அந்தப் பக்கத்துக்கு வந்தேன். இரண்டு வரியிலும் பெயர்கள் இல்லை. அவர்தான் முந்தின நாள் அழித்தாரே. கர்சர் அந்த இடத்தில் நின்று மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு விரலால் தேடித் தட்டுகிறவர் என்று சொன்னேன். நான் தட்டினால் ஒரு நிமிஷம் ஆகாது. என் கை துறுதுறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டார். மாரிமுத்து என்ற அந்தப் பெயரை நான் தட்டிவிட வேண்டும் என்று எனக்கு உள்ளே ஒரு ஆசை இருந்தது. அது ஒரு தோட்டத்துப் பொடியனின் ஆசை.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். “உக்காருங்க ஐயா” என்றேன். அவர் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே ரயில்வே ஸ்டேஷன் தெரியும். அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார், அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. ரயில் எஞ்சின் ஒன்று பெட்டிகளை மாட்டிக்கொண்டிருந்தது. மவுஸ் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு திரும்பவும் தட்டுகிற சத்தம். அது முதலில் தட்டியதைவிட மெதுவாக இருந்தது. என்ன தட்டினார் என்று நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. அவர் கூப்பிட்டதும் போய், ஃபோல்டரை சி.டி.யில் பதிந்து கொடுத்தேன்.

“பாஸ்வேர்ட் போடணுங்களா ஐயா?” என்று கேட்டேன்.

“இல்லை. கிடக்கட்டும்” என்றார்.

முப்பத்தோராம் நாளுக்கு எனக்கும் சொல்லியிருந்தார்கள். போனேன். வாசலில் ஐயா தன் கையால் நினைவு மலர் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அவர் முன்னால் அதைத் திறந்து பார்ப்பது சரியில்லை என்று இரண்டாக மடித்து வைத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் கை கழுவப் போன இடத்தில் ஒரு அம்மாவும் ஒரு மனிதரும் நின்றார்கள். அவர் வெள்ளைச் சட்டை, வேட்டியில் இருந்தார். அவர் கையிலிருந்த மலர் குடும்ப விபரப் பக்கத்தில் திறந்திருந்தது. அங்கிருந்தே எனக்கு இரண்டு பெயரும் தெரிந்தது.

“கம்ப்யூட்டர் செய்ய வந்தது நீங்கதானுங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா. முகம் ஐயாவின் முகம். பேச்சு முழுக்க எங்கள் பேச்சாகிவிட்டிருந்தது.

“ஆமாங்க.”

“ஒண்ணு கேக்கணுங்க. அண்ணி எல்லாம் சொன்னாங்க. ஆனா அவங்க அந்தப் பக்கம் பாக்கலையாம்.” கொஞ்சம் தயங்கினார். “இதை அண்ணனே எழுதுனாரா? இல்லாட்டி வேற யாராச்சும் போட்டதைச் சரின்னு வுட்டுட்டாரா? இவருக்கு அது தெரியணுமாம். யாரோ போட்டுட்டதுக்காக நாங்க வந்து உக்காந்து சாப்பிட்டதா இருக்கக்கூடாதுன்னு சொல்றாரு.”

மாரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் பாக்கலைங்க. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்” என்றேன். “ஆனா அந்த நேரம் கதிரையில இருந்தது அவரு மட்டுந்தாங்க. ரெண்டு தடவை தட்டுற சத்தம் கேட்டுச்சு. நானும் தொடலை, அம்மாவும் தொடலை.”

அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, “கேட்டீங்களா?” என்றார். அவர் தலையை அசைத்தார். புத்தகத்தை மூடி, சட்டைப் பைக்குள் கவனமாக வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் ஹாலுக்குள் போய் ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பெயரை என் கையால் தட்டியிருந்தால், புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. ஆனால் அந்த மனிதர் கேட்டபோது அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்திருக்காது.